சுருளி வீடியோஸின் பழைய டிரைவ்கள்

சின்னமனூரில் குச்சனூர் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்று உள்ளே, விதைக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் சுருளி வீடியோஸ் இருக்கிறது. முன்னறையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கான நீலத் திரை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், வந்தவர்கள் உட்கார பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளறையில் கம்ப்யூட்டர். ஜன்னல் கிடையாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அனுசுயா விழித்திருந்த நேரத்தில் பெரும்பகுதி அந்த உள்ளறையில்தான் போயிருக்கிறது.

அவள் கெங்குவார்பட்டியில் பிறந்தவள். அப்பாவுக்கு மாந்தோப்பு. பெரியகுளத்துக்குப் பஸ்ஸில் போய் பி.காம். முடித்தாள்; அதே பஸ்ஸில் போய் ஒரு சென்டரில் கம்ப்யூட்டரும் படித்தாள். பெண் பார்க்க வந்த தங்கப்பாண்டியன், எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நேராக அவளிடமே கேட்டான்.

"வீடியோ எடிட்டிங் கத்துக்கிற இஷ்டம் இருக்கா? எனக்கு எடுக்கத்தான் வரும். ஒரு எடத்துல உக்கார வராது."

பெரியவர்கள் சிரித்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

சொன்னபடியே அவன் உட்காரவில்லை. கூடலூரிலிருந்து வீரபாண்டி வரைக்கும் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று அலைந்தான். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டே பேசுவான். கோபித்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நிற்கும் தாய்மாமனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வருவான். "மாமா, நீங்க இல்லாம ஃபிரேமே காலியாக் கெடக்கு" என்பான். அழுகிற மணப்பெண்ணிடம், "அழுங்க தங்கச்சி, ஆனா இந்தப் பக்கம் திரும்பி அழுங்க" என்பான். வீடியோக்காரன் வரவில்லை என்றால் விசேஷமே களைகட்டாது என்று சொல்கிற அளவுக்கு அவன் வாய்க்குப் பேர் இருந்தது.

கேசட் கடைக்கு வரும்போது ஆரம்பம் முதல் முடிவு வரை அவன் குரல்தான் நிறைந்திருக்கும். அதை நீக்குவதுதான் அனுசுயாவின் முதல் வேலை. சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டு அதன் மேல் பாட்டைப் போடுவாள். டி.வி.டி. வாங்கிப் போனவர்கள் யாரும் அவன் குரலை அதில் கேட்டதில்லை. அவள் மட்டும் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

டிஸ்க் நிறைந்துவிட்டால், "பழச அழிச்சிரவா?" என்று கேட்பாள்.

"வேணாம், வேணாம். என்னைக்காவது வந்து கேப்பாக" என்று சொல்லி அவன் புது ஹார்ட் டிஸ்க் வாங்கிவருவான். நிறைந்ததைக் கழற்றி, பிளாஸ்டர் ஒட்டி, அதில் ஊர்ப் பெயர்களை எழுதி பீரோவில் வைப்பான். எழுத இடம் போதாத அளவுக்கு ஊர்கள் சேர்ந்த டிஸ்க்குகளில் எதையும் எழுதாமல் வைப்பதும் உண்டு. எல்லாம் தன் நினைவில் இருக்கிறது என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்க்கையன்கோட்டையில் ஒரு சடங்கு வீட்டில், பேசிக்கொண்டிருந்தவனுக்கு நாக்கு குழறியது. சுற்றி நின்றவர்கள் அவன் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். தோளிலிருந்து கேமரா சரிந்தது. இரண்டு பேர் பாய்ந்து கேமராவைப் பிடித்தார்கள். அவன் விழுந்தான்.

தேனியில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். மூளையில் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது, வலது கை கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அனுசுயா கேட்டுக்கொண்டாள். படுக்கையிலேயே ஒன்றுக்குப் போக வைக்கிற பாத்திரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர்ப்பக்க மருந்துக்கடையைக் கை காட்டினார்.

அவள் அழவில்லை. அழக் கூடாது என்று அடக்கியதும் இல்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வராந்தாவில் நின்று, "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. அதுவும் வேறு யாரையோ பற்றிப் பேசியதுபோலத்தான் இருந்தது. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் சுபாஸ்ரீ வந்து, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அனுசுயா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே, இட்லி வாங்கி வந்த பாத்திரத்தை ஆஸ்பத்திரிக் குழாயில் கழுவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கப்பாண்டியன் காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறினான். இடது கையால் சாப்பிடப் பழகினான். பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "சரி." பசித்தாலும் சரி, போதும் என்றாலும் சரி, ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் சரி. மற்றவர்கள் பேசுவது அவனுக்குப் புரிந்தது. பதில்தான் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த ஒரு சொல்லாகவே வெளியே வந்தது.

கடையை மூடவில்லை. கல்யாண ஆர்டர்கள் ட்ரோன் வைத்திருக்கிற புதுப் பையன்களுக்குப் போய்விட்டன. அனுசுயா பாஸ்போர்ட் போட்டோ எடுத்தாள், ஜெராக்ஸ் போட்டாள், ஆதார் கார்டுகளை லேமினேட் செய்தாள். அவன் காலையில் முன்னறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். ஒருநாள் உள்ளறைக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அதற்கு இனிமேல் போர்டு கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக ஒன்று வாங்கினாள். சோப்புப் பெட்டி மாதிரி சின்னதாக இருந்தது. பழைய டிஸ்க்குகளை மாட்ட அதில் இடமே இல்லை. பீரோவைப் பூட்டியபடியே விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் தை மாதம் குச்சனூர் மாயக்காள் தன் மகள் கயலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாயக்காளுக்கு ஐம்பது வயதிருக்கும், வயல் வேலைக்காரி. கயலுக்குக் கல்யாணம் கூடியிருந்தது.

"தம்பி எப்படி இருக்காக?" என்று மாயக்காள் தங்கப்பாண்டியனைப் பார்த்துக் கேட்டாள்.

"சரி" என்றான் அவன்.

மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கயல்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"அத்தை, இப்பல்லாம் ரிசப்சன்ல பெரிய ஸ்கிரீன் வச்சு, பொண்ணு மாப்பிள்ள சின்ன வயசுல இருந்ததப் போடுறாக. அவுக வீட்டுல அவரோட வீடியோ நிறைய வச்சிருக்காக. என்கிட்ட ஒண்ணுமே இல்ல. என் காதுகுத்த மாமாதான் எடுத்தாகளாம். டி.வி.டி. பூஞ்சை புடிச்சுப் போச்சு."

"அதுல அவ அப்பாவும் இருக்காரு ஆத்தா" என்றாள் மாயக்காள். கயல் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் அப்பா சின்னக்கருப்பு இறந்துபோனார். "மடியில வச்சுருந்தாரு இவள. அது கெடைச்சாப் போதும்."

அனுசுயா பீரோவைத் திறந்தாள். 'குச்சனூர்' என்று பிளாஸ்டர் ஒட்டிய டிஸ்க் ஒன்று இருந்தது. செங்கல் மாதிரி கனம். பின்பக்கம் வரிசையாக ஊசி ஊசியாகப் பின்கள். "இத மாட்ட வழி இருக்கான்னு கேட்டுச் சொல்றேன். சும்மா நம்பிக்கை வச்சுராதீக" என்றாள்.

மறுநாள் அதைப் பழைய துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினாள். புதுக் கம்ப்யூட்டரை விற்ற விஜயபாண்டியின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அவன் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான்.

"இது ஐ.டி.ஈ. அக்கா. முன்னாடி பட்டையா ரிப்பன் மாதிரி ஒரு வயர் வருமே, அதுக்கான டைப்பு. இப்ப வர்ற எந்த மெசின்லயும் இதுக்கு வாய் கெடையாது." மேஜைக்கு அடியிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தான். "இந்த அடாப்டர் ஒரு பக்கம் இதுல மாட்டும், மறுபக்கம் யூ.எஸ்.பி. இதே பெட்டியில இன்னொரு மூலையில சாட்டா வாய் இருக்கு, அடுத்து வந்த டிஸ்க்குக்கு அது ஆகும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. யூ.எஸ்.பி.யில வர்ற கரண்டு இந்த டிஸ்க்கச் சுத்தவைக்கப் பத்தாது. தனியா இந்தப் பவர் வயரக் குடுக்கணும். பவரப் போட்டு, டிஸ்க் சுத்துற சத்தம் கேட்டப்புறம் கம்ப்யூட்டர்ல சொருகுங்க."

அனுசுயா கடைக்கு வந்து அவன் சொன்னபடியே மாட்டினாள். டிஸ்க் சுற்றியது. கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றினாள், மாட்டினாள். ஒன்றுமில்லை. விஜயபாண்டிக்கு போன் போட்டாள்.

"பின்னுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கா? அதுதான் ஜம்பர். பழைய மெசின்ல ரெண்டு டிஸ்க் ஒரே வயர்ல மாட்டுனப்ப, இது ரெண்டாவதுன்னு சொல்ல அங்கன போட்டிருப்பாக. டிஸ்க் மேல படம் இருக்கும் பாருங்க, 'மாஸ்டர்'னு இருக்கிற எடத்துக்கு மாத்திப் போடுங்க."

புருவம் திருத்துகிற இடுக்கியால் அந்தத் தொப்பியைப் பிடுங்கி இடம் மாற்றினாள். இந்தத் தடவை டிஸ்க்கின் பெயர் திரையில் வந்தது. திறந்தாள். குச்சனூர் கோயில் மண்டபம். தூணருகே சின்னக்கருப்பு, மடியில் மொட்டை போட்ட கயல். ஆசாரி காதருகே கையைக் கொண்டுபோகிறார். ஸ்பீக்கரிலிருந்து தங்கப்பாண்டியனின் குரல் வெடித்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, புள்ளையோட தலைய நல்லாப் புடிங்க! அழுதா அழுதுட்டுப் போகட்டும். ஆசாரியாரே, மெதுவா, மெதுவா. யாருப்பா அது, வெளிச்சத்த மறைக்கிறது?"

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது. காலை இழுக்கும் சத்தம். தங்கப்பாண்டியன் கதவருகில் வந்து நின்று திரையைப் பார்த்தான்.

"சரி" என்றான்.

போதும், நிறுத்து என்கிறானா, ஓடட்டும் என்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்தினாள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் அவன் நிற்பது தெரிந்தது. இடது கையை நீட்டி ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். குரல் அறை முழுக்கப் பரவியது. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் தன் குரலைக் கேட்டான். பல வருஷமாக வெட்டியெறிந்த குரலைத் திரும்பக் கேட்கிறோமே, உள்ளே ஏதாவது நடக்க வேண்டாமா என்று அனுசுயா தனக்குள் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெகுநேரம் ஒருக்களித்துப் படுத்து மரத்துப்போன கையைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. தன் கைதான், ஆனால் தன்னுடையதாக இல்லை.

சின்னக்கருப்பு மகளைச் சமாதானப்படுத்துகிற பேச்சும் தங்கப்பாண்டியனின் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஒன்றை வைத்து மற்றதை வெட்ட முடியவில்லை. கயலிடம் கேட்டாள். "அப்பா குரல் இருக்கட்டும் அத்தை. மாமா குரலும் இருக்கட்டும்" என்றாள் அவள். அப்படியே கொடுத்தாள். ரிசப்சனில் அது ஓடியபோது மண்டபமே சிரித்தது என்றும், மாயக்காள் மட்டும் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள் என்றும் பிறகு கேள்விப்பட்டாள்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணம் இருக்குமா, எங்கள் அண்ணன் கிரகப்பிரவேசம் இருக்குமா. அனுசுயா பீரோவிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்துப் புதிய பெரிய டிஸ்க்குக்கு மாற்ற ஆரம்பித்தாள். பழைய வகை முடிந்ததும் சாட்டா வகை. அவை அடாப்டரின் இன்னொரு மூலையில் மாட்டின. சில டிஸ்க்குகள் டிக் டிக் என்று தட்டிவிட்டு அடங்கிப்போயின. அவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் தனியாகப் போட்டாள்.

பெரிய டிஸ்க் ஒன்று இருந்தது. பிளாஸ்டரில் எழுத்தே இல்லை. பல வருஷக் கல்யாணங்களை அதில் ஒன்றாக அடைத்திருந்தான். அதை மாட்டியபோது திரையில் ஒரு கட்டம் வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? அதே நேரம் முன்னறையில் யாரோ ஜெராக்ஸுக்குக் கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் விரல் 'ஆம்' என்பதைத் தட்டிவிட்டது.

திரும்பி வந்தபோது டிஸ்க் சுத்தமாகக் காலியாக இருந்தது.

என்ன செய்துவிட்டோம் என்பது புரிந்தது. நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தாள், அதுவும் இல்லை. முன்னறைக்குப் போய் கணவனிடம் சொன்னாள். "ஏங்க, அந்தப் பெரிய டிஸ்க்க அழிச்சுட்டேன். கவனிக்காம அமுக்கிட்டேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "சரி" என்றான்.

விஜயபாண்டி போனிலேயே பதறினான். "அக்கா, அதுல இனி ஒண்ணையும் ஏத்தாதீங்க. வயரக் கழட்டிட்டு அப்படியே எடுத்துக்கிட்டு வாங்க. மேலோட்டமாத்தான் அழிஞ்சிருக்கும். உள்ள இருக்கும்."

உள்ளே இருந்தது. சில வாரங்கள் கழித்து எல்லாவற்றையும் மீட்டு இன்னொரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தான். ஆனால் பெயர்கள் போய்விட்டன. யார் வீட்டுக் கல்யாணம், எந்த ஊர் என்று எதுவும் இல்லை. நம்பர்கள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக. திறந்து பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

மத்தியானங்களில் அதுவே வேலையாயிற்று. தங்கப்பாண்டியன் பக்கத்தில் ஸ்டூலில் இருப்பான். அவள் ஒரு ஃபைலைத் திறப்பாள். ஏதோ ஒரு மண்டபம், ஏதோ ஒரு மாப்பிள்ளை. எடிட் செய்தவள் என்றாலும் எல்லாக் கல்யாணமும் அவளுக்கு ஒன்றுபோலவே தெரிந்தது. நேரில் போனவன் அவன்தான்.

"இது சீலையம்பட்டியா?"

பதில் இருக்காது.

"ராயப்பன்பட்டி?"

பதில் இருக்காது.

"கோம்பையா?"

"சரி."

அவள் 'கோம்பை' என்று தட்டச்சு செய்வாள். அடுத்த ஃபைல். இப்படியே நாட்கள் போயின. ஸ்ட்ரோக் வந்த பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது என்றால் அதுதான். சொல்லப்போனால் அதற்கு முன்பும் அவர்கள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவன் வெளியே இருப்பான், அவள் உள்ளே இருப்பாள். தங்கப்பாண்டியனின் அக்கா சுப்புத்தாய் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். ஒருநாள் வந்து வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தம்பிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு பாரு ஆத்தா. உனக்குச் சந்தோசமா இல்லையா?"

"இருக்கு மதினி" என்றாள் அனுசுயா. இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அப்படிச் சொன்னால் மதினி வீட்டுக்குக் கிளம்புவாள் என்பது தெரியும்.

வைகாசியில் கோம்பையிலிருந்து முத்துப்பாண்டி என்று ஒருவர் வந்தார். ஏலக்காய் வியாபாரி. தங்கை கல்யாண வீடியோவைக் கேட்டிருந்தார். அனுசுயா 'கோம்பை' என்று பெயரிட்ட மூன்று ஃபைல்களையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். மூன்றையும் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

"இது எங்க ஊரே இல்லீங்க. மொதல்ல காட்டுனீகளே, அந்த மண்டபம் கூடலூர்ல இருக்கு. ரெண்டாவது எதுன்னே தெரியல. இந்தக் கடைசியில ஊர்வலம் போறது உத்தமபாளையத்துத் தெரு." கோபப்படாமல்தான் சொன்னார். இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டார்.

அனுசுயா உள்ளே வந்தாள். பெயர் வைத்த ஃபைல்களின் வரிசையைப் பார்த்தாள். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று கண்டுபிடிக்க வழியில்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த ஃபைலுக்காகக் காத்திருந்தான்.

"ஏங்க, கோம்பைன்னு சொன்னீகளே, அது கோம்பை இல்லையாம்."

"சரி."

"என்ன சரி? என்னங்க சரி?" அவளுடைய குரல் தையல் கடை வரைக்கும் கேட்டது. "தெரியலைன்னா சும்மா இருக்க வேண்டியதுதான? எதுக்குச் சரின்னு சொன்னீக? நான் பாட்டுக்கு உக்காந்து ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டு இருக்கேன், கிறுக்கி மாதிரி! எதக் கேட்டாலும் சரி, எதச் சொன்னாலும் சரி! எது சரி? எல்லாஞ் சரியாவா இருக்கு இங்கன?"

மேஜையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வீசினாள். அது சுவரில் பட்டு உருண்டது. தையல் மெஷினின் சத்தம் நின்றது. தங்கப்பாண்டியன் வாயைத் திறந்தான். மூடினான். நல்ல கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அனுசுயா முன்னறைக்குப் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். காது சூடாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு தனக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதை, மழை பெய்கிறது என்பதைக் கவனிப்பதுபோலக் கவனித்தாள். வந்தது அது ஒன்றுதான். அதன் பின்னாலேயே அழுகையும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. எழுந்து போய் டம்ளரை எடுத்துவைத்துவிட்டு, அவனுக்குச் சோறு போட்டாள்.

அன்று சாயங்காலம் மகள் போனில் பேசியபோது நடந்ததைச் சொன்னாள். டம்ளரை வீசியதையும் சொன்னாள்.

"அம்மா, அப்பா பொய் சொல்லல. இந்த மாதிரி ஆனவங்களுக்கு ஆமாங்கிறதும் இல்லைங்கிறதும் சில நேரம் மாறி வந்துரும். உள்ள வேற நெனைப்பாங்க, வெளிய இது வரும். எங்க வார்டுல பாத்துருக்கேன். தெரியலன்னு காட்ட ஏதாவது ஒரு வழி அவருக்குக் குடும்மா. கையால காட்டச் சொல்லு."

மறுநாள் அனுசுயா ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்து, இடது கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். "தெரியலைன்னா இப்படி. தெரிஞ்சா கட்டைவிரல். வாயத் திறக்கவே வேணாம். எங்க, பண்ணுங்க பாப்போம்." அவன் கையை விரித்து ஆட்டினான். பிறகு கட்டைவிரலைத் தூக்கினான். பழக அவனுக்கு நாளானது. அவளுக்கும் பொறுமை அடிக்கடி போனது. திட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், இரண்டொரு தடவை எழுந்தும் போனான். பிறகு தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

வைத்த பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கட்டைவிரல் எழுந்த ஃபைல்களுக்கு மட்டும் ஊர்ப் பெயர் வைத்தாள். மீதி எல்லாவற்றையும் 'தெரியவில்லை' என்ற ஃபோல்டரில் போட்டாள். அதுதான் பெரியதாக இருக்கிறது. முத்துப்பாண்டி மறுபடி வந்து பார்த்தபோது அவர் தங்கை கல்யாணமும் அதிலிருந்துதான் கடைசியில் கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் விஷயம் பரவி, வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்குகளையும் ஆட்கள் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பம் ஒன்று, வரிசை வீடான லயனில் மழை ஈரத்தில் துருப்பிடித்த டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அது சுற்றவே இல்லை. சுற்றாது என்று அவள் முதல் நாளே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது.

போன மாதம் ஒரு மத்தியானம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஹேமாவதி, கம்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலை, வெளிநாடு போகப் போகிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தங்கப்பாண்டியன் ஸ்டூலிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளறைத் திரையில் 'தெரியவில்லை' ஃபோல்டரிலிருந்து ஒரு கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. ஹேமாவதி கதவருகில் நின்றுவிட்டாள்.

"அக்கா, அத நிறுத்துங்க."

அனுசுயா நிறுத்தினாள். மாலையோடு குனிந்து நிற்கும் மணப்பெண்.

"அது நான்தான்" என்றாள் ஹேமாவதி. குரல் இறங்கியிருந்தது. "அந்தாள விட்டு வந்து ஏழெட்டு வருசமாச்சு. டி.வி.டி.ய அன்னைக்கே ஒடைச்சுப் போட்டேன். இன்னும் இருக்கா இது? அழிச்சிருங்க அக்கா. என் கண்ணு முன்னாலயே அழிங்க."

அனுசுயா தூங்குகிறவனைப் பார்த்தாள். எதையும் அழிக்க விடாதவன். எழுப்பவில்லை. மவுஸை ஃபைலின் மேல் கொண்டுபோனாள். பிறகு கையை எடுத்தாள்.

"உங்க அம்மா அப்பா இதுல இருக்காகளா?"

"அம்மா இருக்காக. அதுக்கு அடுத்த வருசம் தவறிட்டாக."

"அம்மா வர்ற எடத்த மட்டும் வெட்டி எடுத்துக் குடுக்குறேன். மிச்சத்த அழிச்சிருவோம். அந்தாளு ஒரு எடத்துலகூட வராமப் பாத்துக்கிறேன். உங்களுக்கு வேணாம்னா, மொத்தமா இப்பவே அழிச்சிரலாம்."

அந்தப் பெண் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்னறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அனுசுயாவின் பக்கத்தில் போட்டாள்.

"நீங்க ஓட்டுங்க" என்றாள். "அம்மா எங்கன வர்றாகன்னு நான் சொல்றேன்."